வாவியைப் பார்த்து நிற்கும் வாசல்: மட்டக்களப்புக் கோட்டையை வாசித்துப் பார்த்தல்

கோட்டை என்று சொன்னதும் எங்கட வயசுக்காரருக்கு மனதில் வருவது என்ன? மலை உச்சியில் கறுப்புக் கல்லில் வானத்தை முட்டுகிற கோபுரங்கள், தூக்கி இறக்குகிற மரப்பாலம், உள்ளே அரியணை, கீழே பாதாளச் சிறை. மத்தியகால ஐரோப்பாவைக் காட்டுகிற சீரியல்களும் வீடியோ கேம்களும் எங்கட தலையில் பதிய வைத்த படம் அது. வெளியூர் நண்பர்கள் மட்டக்களப்புக்கு வரும்போது புளியந்தீவுக் கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனால், பத்து நிமிசத்தில் அவர்கள் கேட்கிற கேள்வி, "இவ்வளவுதானா? கோபுரம் ஒண்டும் இல்லையா?"

அந்தக் கேள்வியைக் கேட்பவர்களில் பிழை இல்லை. பார்த்தால் ஒரு தடித்த மதில், நாலு மூலை, சில பீரங்கிகள், உள்ளே பழைய ஓட்டுக்கூரைக் கட்டிடங்கள். அவ்வளவுதான். ஆனால் இந்த "இவ்வளவுதான்"க்குள் ஏறத்தாழ 400 வருடக் கதை கிடக்கிறது. அந்தக் கதையைக் கல்லையும் தண்ணியையும் வைத்தே வாசிக்கலாம் என்பது எங்கட எண்ணம். இப்போது அதை வாசிக்க வேண்டிய அவசரமும் இருக்கிறது. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறோம்.

கோபுரம் ஏன் இல்லை?

முதலில் அந்தக் கேள்விக்கே பதில் சொல்லிவிடுவோம். மத்தியகாலக் கோட்டைகள் உயரமாக இருந்ததற்குக் காரணம், அவற்றைத் தாக்கியவர்களிடம் இருந்தவை ஏணியும் வில்லும் கல்லெறி பொறியும். உயரம் கூடினால் ஏறுவது கஷ்டம், மேலே நிற்பவன் எறிவது சுலபம். எங்கட பக்கத்து உதாரணம் வேண்டுமென்றால் தமிழ்நாட்டின் செஞ்சிக் கோட்டையைப் பாருங்கள். மூன்று மலைகளை மதிலால் இணைத்துக் கட்டியிருக்கிறார்கள். இயற்கை கொடுத்த உயரம்தான் அங்கே பாதுகாப்பு.

வெடிமருந்து வந்ததும் இந்தக் கணக்கு தலைகீழாகிவிட்டது. 1453இல் கொன்ஸ்தாந்திநோபிளின் பெரிய மதில்களை ஒட்டோமன் பீரங்கிகள் உடைத்தபோது உலகம் முழுக்க ஒரு விசயம் தெரிந்துபோனது: உயரமான மதில் என்பது பீரங்கிக்குப் பெரிய இலக்கு, வேறொன்றுமில்லை. உயரமும் ஒல்லியுமான கோபுரத்தில் நாலு குண்டு பட்டால் அது இடிந்து உள்ளே இருக்கிறவன் தலையிலேயே விழும்.

ஆகவே இத்தாலியில் தொடங்கி ஐரோப்பியர் புதிய வகைக் கோட்டை கட்டினார்கள். மதில் பதிவாக இருக்க வேண்டும். ஆனால் தடிப்பாக, குண்டின் வேகத்தை விழுங்குகிற மாதிரி இருக்க வேண்டும். மதிலின் மேலே பீரங்கியை இழுத்துக்கொண்டு போக அகலம் வேண்டும். மூலைகளில் வட்டக் கோபுரத்துக்குப் பதில் வெளியே கூராக நீண்ட கொத்தளம் வேண்டும்.

இந்தக் கொத்தளம்தான் முக்கியமான கண்டுபிடிப்பு. வட்டமான கோபுரத்தின் அடியில் ஒருவன் ஒட்டிக்கொண்டு நின்றால் மேலே இருப்பவனுக்கு அவனைத் தெரியாது. அது ஒரு குருட்டு மூலை. மூலையைக் கூராக வெளியே நீட்டிவிட்டால், ஒரு கொத்தளத்தில் நிற்பவன் பக்கத்துக் கொத்தளத்தின் அடிவாரத்தையும் இடையில் இருக்கிற மதிலையும் நேராகப் பார்த்துச் சுடலாம். நாலு மூலையும் ஒன்றையொன்று காவல் காக்கும். ஒளிய இடமில்லை.

இப்போது மட்டக்களப்புக் கோட்டைக்குத் திரும்புங்கள். நாலு பக்கம், நாலு மூலையிலும் கொத்தளம், பதிவான தடித்த மதில், மேலே நடக்கக்கூடிய அகலம். இரண்டு பக்கம் வாவித் தண்ணி, மற்ற இரண்டு பக்கம் வெட்டிய அகழி. கோபுரம் இல்லாதது குறை அல்ல. கோபுரத்தின் காலம் முடிந்த பிறகு கட்டப்பட்டது என்பதற்கான சாட்சி அது. யாழ்ப்பாணக் கோட்டை ஐந்து மூலை, மட்டக்களப்பு நாலு மூலை, காலி ஒரு முனையையே வளைத்துக் கட்டியது. அளவு வேறு, இலக்கணம் ஒன்றுதான்.

கடலில் கட்டாமல் வாவிக்குள் ஏன்?

அடுத்த கேள்வி இன்னும் சுவாரசியமானது. கடல் வழியாக வந்தவன் கடற்கரையில்தானே கோட்டை கட்டுவான்? காலியும் திருகோணமலையும் அப்படித்தான். மட்டக்களப்பில் மட்டும் ஏன் வாவிக்குள் ஒரு தீவில் போய்க் குந்தினார்கள்?

பதில் வாவியிலேயே இருக்கிறது. மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம். கரையோரமாகக் கடலுக்குச் சமாந்தரமாக ஓடுகிறது. இடையில் ஒரு ஒடுங்கிய மண் திட்டிதான் கடலையும் வாவியையும் பிரிக்கிறது. எங்கட ஆட்கள் இதை வாவி என்று சொல்வதைவிட "ஆறு" என்றுதான் கூடுதலாகச் சொல்வார்கள். கடலோடு சேருகிற முகத்துவாரத்தில் மணல் மேடு. பெரிய கப்பல் உள்ளே வரமுடியாது. கப்பல் வெளியே நங்கூரம் போட்டு நிற்க, சாமான் எல்லாம் சின்னப் படகிலும் தோணியிலும்தான் உள்ளே வரவேண்டும்.

அப்படியென்றால் மட்டக்களப்பில் காவல் காக்க வேண்டியது கப்பலை அல்ல, தோணியை. முகத்துவாரத்தால் உள்ளே வருகிற தோணியும், தெற்கே வயல் நாட்டிலிருந்து நெல்லோடு வருகிற தோணியும் வாவியில்தான் ஓடவேண்டும். அந்த வழியில் ஒரு தீவைப் பிடித்தால் போதும். புளியந்தீவு அந்தத் தீவு.

இதைப் போர்த்துக்கேயர் உணர்ந்தது கொஞ்சம் தாமதமாகத்தான். 1602 மே கடைசியில் ஜோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் என்ற ஒல்லாந்தத் தளபதி மட்டக்களப்புக்கு அப்பால் கடலில் வந்து நங்கூரம் போட்டான். இங்கிருந்து கண்டிக்குப் போய் முதலாம் விமலதர்மசூரியனைச் சந்தித்தான். போர்த்துக்கேயரின் கையில் மேற்குக் கரை இருந்த காலம் அது. கண்டி மன்னனுக்கு வெளியுலகத்தோடு பேசுவதற்கு இருந்த வாசல் கிழக்குக் கரைதான். ஒல்லாந்தரோடு நட்பு நல்லபடியாகத் தொடங்கினாலும் அடுத்த வருடமே கசந்தது. 1603இல் செபால்ட் டி வேர்ட் என்ற ஒல்லாந்தத் தளபதி, பிடித்த போர்த்துக்கேயரை விடுதலை செய்து மன்னனின் கோபத்தைச் சம்பாதித்து, மட்டக்களப்புப் பகுதியிலேயே தன் ஆட்களோடு கொல்லப்பட்டான்.

1620இல் டென்மார்க்கிலிருந்து ஓவே ஜெட்டேயின் கப்பல்களும் இந்தப் பக்கம் வந்தன. கண்டி மன்னன் செனரத்தோடு பேசினார்கள். இலங்கையில் கால் ஊன்ற முடியாமல் போனாலும் அதே வருடம் தஞ்சை நாயக்கரிடம் இடம் பெற்றுத் தரங்கம்பாடியில் கோட்டை கட்டினார்கள். ஒருவர் மாறி ஒருவர் கிழக்கு வாசலைத் தட்டுவதைப் பார்த்த போர்த்துக்கேயர், வாசலையே அடைத்துவிடத் தீர்மானித்தார்கள். தளபதி கொன்ஸ்தாந்தினு டி சா திருகோணமலையில் கோணேசர் ஆலயத்தை இடித்து அந்தக் கல்லால் கோட்டை கட்டினான். 1628இல் புளியந்தீவில் கட்டினான். 1617இல் செனரத்தோடு செய்த சமாதானம் இதோடு உடைந்தது. இரண்டு வருடம் கழித்து, 1630இல் ரந்தெனிவெலவில் டி சா கொல்லப்பட்டான்.

இதை ஒருக்கால் யோசித்துப் பாருங்கள். எங்கட கோட்டை ஒரு அரசனின் வீடாகக் கட்டப்பட்டது அல்ல. உள்ளே அரண்மனை இல்லை, அந்தப்புரம் இல்லை. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒரு அரசின் மூச்சுக்குழாயில் வைத்த தக்கை அது.

1638 மே: காணாமல் போன சில சொற்கள்

கோட்டை கட்டிப் பத்து வருடம்தான். 1638 மார்ச்சில் இரண்டாம் இராசசிங்கன் கன்னொறுவையில் போர்த்துக்கேயப் படையை அழித்தான். அந்தச் சூட்டோடு ஒல்லாந்தரை அழைத்துக் கிழக்கில் தொடங்கினான். அடம் வெஸ்டர்வோல்ட்டின் கப்பல்கள் வந்தன. பீரங்கிகள் கரையிறக்கப்பட்டன. மன்னனும் தன் படையோடு வந்து சேர்ந்தான். குண்டுமழைக்குப் பிறகு மே 18ஆம் திகதி கோட்டை சரணடைந்தது. இலங்கையில் ஒல்லாந்தர் பிடித்த முதல் போர்த்துக்கேயக் கோட்டை இதுதான். கொழும்பும் யாழ்ப்பாணமும் காலியும் எல்லாம் இதுக்குப் பிறகு.

ஐந்து நாள் கழித்து, மே 23ஆம் திகதி, இங்கேயே ஒரு உடன்படிக்கை எழுதப்பட்டது. பாடசாலை வரலாற்றுப் புத்தகத்தில் ஒரு வரியில் கடந்துபோகிற 1638 உடன்படிக்கை எழுதப்பட்ட இடம் எங்கட ஊர் என்பது கனபேருக்குத் தெரியாது. யானையைத் தவிர மற்ற வியாபாரம் பெரும்பாலும் ஒல்லாந்தருக்கு. யுத்தச் செலவு மன்னனுக்கு. பிடிக்கிற கோட்டைகளில் ஒல்லாந்தப் படை நிற்பது பற்றியும் ஒரு பிரிவு இருந்தது.

சிக்கல் அந்தப் பிரிவில்தான். மன்னன் கையில் இருந்த போர்த்துக்கேய மொழிப் பிரதியில், கோட்டையில் படை வைப்பது மன்னன் விரும்பினால் மட்டும் என்ற கருத்து இருந்தது. ஒல்லாந்தர் வைத்திருந்த பிரதியில் அந்தச் சொற்கள் இல்லை. இராசசிங்கன் போர்த்துக்கேய மொழி நன்றாகத் தெரிந்தவன். அவன் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டவன் அல்ல. அவன் வாசித்த தாளில் இருந்தது ஒன்று, மற்றவன் ஊருக்கு எடுத்துக்கொண்டு போன தாளில் இருந்தது இன்னொன்று.

அடுத்த இருபது வருடச் சண்டை முழுக்க இந்தச் சில சொற்களைச் சுற்றித்தான். திருகோணமலையும் மட்டக்களப்பும் 1640களில் மன்னன் பக்கம் திரும்பின. இலவங்கம் விளையாத இந்தக் கரை ஒல்லாந்தருக்கு அப்போது பெரிய பொருட்டில்லை. ஆனால் இலவங்கம் விளைகிற மேற்கில் அவர்கள் பிடித்ததை விடவில்லை. 1640இல் காலியைப் பிடித்த வில்லெம் கோஸ்டர் கண்டிக்குப் பேசப் போய், வாக்குவாதப்பட்டு, மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் கொல்லப்பட்டான். 1656 மே மாதம் கொழும்பு விழுந்தபோது ஒல்லாந்தர் மன்னனுக்கே கதவைச் சாத்தினார்கள். இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கின மாதிரி என்று சிங்களத்தில் ஒரு பழமொழி உண்டு. இந்த அனுபவத்தோடுதான் அதைச் சேர்த்துச் சொல்வார்கள்.

மொழிபெயர்ப்பில் விழுந்த ஓட்டையால் நாடு இழந்த கதை இது. இந்த நாட்டில் ஒரு சட்டமோ சுற்றறிக்கையோ மூன்று மொழியில் வரும்போது மூன்றிலும் ஒரே விசயம்தான் இருக்கிறதா என்று சந்தேகப்படுகிற பழக்கம் எங்களுக்கு உண்டு. அது 1638இலிருந்தே நியாயமான சந்தேகம்.

நெல்லுக்காக ஒரு கோட்டை

1668இல் ஒல்லாந்தர் மட்டக்களப்புக்குத் திரும்பி வந்தார்கள். இந்த முறை போகிற எண்ணத்தோடு வரவில்லை. 1795 வரை இருந்தார்கள், ஏறத்தாழ 127 வருடம். இன்றைக்கு நாங்கள் காண்கிற கோட்டையின் உருவம் பெரும்பாலும் இந்தக் காலத்தது.

கிழக்குப் பக்கம் வாவியைப் பார்த்த ஒரு சின்ன வாசல் இருக்கிறது. அதன் மேலே ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் முத்திரை, மூன்று எழுத்தையும் ஒன்றுக்குள் ஒன்றாகப் பின்னிய அடையாளம், கல்லில் கிடக்கிறது. கோட்டையின் உண்மையான முகம் அதுதான். இப்போது வாகனம் உள்ளே போகிற வழி பிற்காலத்தில் திறந்தது. நாங்கள் எல்லாரும் பழகிப்போய்ப் பின்பக்கத்தால் நுழைந்துகொண்டிருக்கிறோம். முன்வாசலால் நுழைய வேண்டுமென்றால் தோணியில் வரவேண்டும்.

அந்த வாசலுக்கு முன்னால் ஒருக்கால் நின்று பாருங்கள். பெரிய படை அணிவகுத்துப் போகிற வாசல் அல்ல அது. ஆளும் மூட்டையும் போகிற அளவு வாசல். ஏனென்றால் கம்பனிக்காரனுக்குக் கோட்டை என்பது பாதி படைமுகாம், பாதி களஞ்சியம். முத்திரையில் அரசனின் சிங்கமோ கிரீடமோ இல்லை, ஒரு வியாபாரக் கம்பனியின் பெயர்தான். 1602இல் தொடங்கிய அந்தக் கம்பனிக்குச் சொந்தப் படை, சொந்தக் கப்பல், சொந்தக் காசு, உடன்படிக்கை செய்கிற அதிகாரம் எல்லாம் இருந்தது. பங்குதாரர் இலாபம் கேட்கிற ஒரு நிறுவனம் ஊரை ஆண்டால் எப்படி இருக்கும் என்பதைக் கண்ட ஊர் இது.

இங்கே இலாபம் இலவங்கத்தில் இல்லை, வெள்ளாமையில் இருந்தது. மட்டக்களப்பு நெல் நாடு. கம்பனியின் மற்றக் கோட்டைகளில் இருந்தவர்களுக்கும் சோறு வேண்டுமே! மண்முனைப்பற்று, எருவில்பற்று, போரதீவுப்பற்று, சம்மாந்துறைப்பற்று, அக்கரைப்பற்று என்று பற்றுப் பற்றாகப் பிரிந்து கிடந்த வயல் நாட்டைக் கம்பனி நேராக ஆளவில்லை. வன்னிமை, போடிமார் என்ற உள்ளூர்த் தலைமைகள் ஊடாகத்தான் ஆண்டது. 1784 முதல் 1794 வரை இங்கே தலைமை அதிகாரியாக இருந்த ஜேக்கப் பர்னண்ட் என்ற சுவிஸ்காரன் நெற்செய்கையைப் பெருக்குவதில் தீவிரமாக இருந்தான். போகும்போது அடுத்து வருபவனுக்கு எழுதி வைத்த நீண்ட குறிப்பு, அந்தக் கால மட்டக்களப்பைப் பற்றிய முக்கியமான சாட்சி.

அதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. கோட்டைக்குக் கல் சுமந்தது யார், அகழி வெட்டியது யார், சுண்ணாம்பு அரைத்தது யார்? கட்டின தளபதியின் பெயரும் பிடித்த தளபதியின் பெயரும் எங்களுக்குத் தெரியும். மதிலை எழுப்பிய கைகளுக்குப் பெயர் இல்லை. கோட்டையைப் பற்றி எழுதுகிற ஒவ்வொரு பலகையிலும் "போர்த்துக்கேயரால் கட்டப்பட்டது, ஒல்லாந்தரால் கைப்பற்றப்பட்டது, ஆங்கிலேயரிடம் போனது" என்று மூன்று வரி வரும். மூன்றிலும் வாவிக்கரை மனிசர் ஒருத்தரும் இல்லை.

ஊரின் பெயரையே இடம் மாற்றிய கோட்டை

மட்டக்களப்பு என்றால் இன்றைக்கு எல்லாருக்கும் புளியந்தீவைச் சுற்றிய நகரம்தான். ஆனால் பழைய பதிவுகளில் அந்தப் பெயர் தெற்கே, சம்மாந்துறையை அண்டிய உட்பகுதிக்கே உரியதாக இருந்தது என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். அதிகாரம் கோட்டைக்குள் வந்ததும் பெயரும் பின்னாலேயே வந்துவிட்டது. புளியந்தீவு மட்டக்களப்பு ஆனது. பழைய மட்டக்களப்பு தன் துறையின் பெயரோடு நின்றுவிட்டது.

ஆட்களும் அப்படித்தான் நகர்ந்தார்கள். 1626இல் போர்த்துக்கேயர் தங்கள் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களைத் துரத்தியபோது, செனரத் ஏறத்தாழ 4,000 பேரை இந்தக் கரையில் குடியேற்றினான் என்று பரவலாக எழுதப்பட்டிருக்கிறது. அதுக்கு முதலே இங்கே முஸ்லிம் குடிகள் இருந்தன. கோட்டை கட்டப்பட்ட அதே பத்து வருடத்துக்குள் நடந்த விசயம் என்பதைக் கவனியுங்கள். ஒரே அரசியல், ஒரு பக்கம் மதிலாக எழும்புகிறது, இன்னொரு பக்கம் இடம்பெயர்ந்த குடும்பங்களாக வந்து சேர்கிறது.

போர்த்துக்கேயர் 1638இல் கோட்டையை விட்டுப் போனார்கள். அவர்களின் மொழி போகவில்லை. மட்டக்களப்பின் பறங்கியர் குடும்பங்களில் போர்த்துக்கேயக் கிரியோல் இன்றும் பேசப்படுகிறது. கோட்டையை வென்ற ஒல்லாந்தரின் மொழியோ வீட்டு மொழியாக இங்கே மிஞ்சவில்லை. "டச்பார்" என்று ஒரு இடப்பெயர் மட்டும் இருக்கிறது. அங்கே போனாலும் காதில் விழக்கூடியது போர்த்துக்கேயம்தான். தோற்றவனின் மொழி அடுப்படியில் உயிரோடு இருக்கிறது, வென்றவனின் முத்திரை கல்லில் கிடக்கிறது. மதில் காப்பாற்றாததை வீடு காப்பாற்றி வைத்திருக்கிறது.

பீரங்கியிலிருந்து கோப்புக்கு

1795 செப்டெம்பரில் கோட்டை ஆங்கிலேயர் கைக்குப் போனது. ஐரோப்பாவில் பிரெஞ்சுப் புரட்சிப் படை ஒல்லாந்துக்குள் நுழைந்ததன் எதிரொலி அது. ஆம்ஸ்ரடாமில் நடந்ததுக்குப் புளியந்தீவில் கொடி மாறியது. 1804இல் ஆர்தர் ஜோன்ஸ்ரன் என்ற அதிகாரி இங்கிருந்து ஒரு படையோடு கண்டிக்குப் புறப்பட்டான். மற்றப் படைகள் வரும் என்று நம்பிக் கண்டிவரை போய், ஒருத்தரும் வராமல், கடும் இழப்போடு திருகோணமலைக்குத் தப்பி வந்தான். 1815இல் கண்டி ஆங்கிலேயர் வசமானதும் கிழக்கு வாசலை அடைத்து வைக்க வேண்டிய தேவையே முடிந்துபோனது. தக்கை இருந்தது, புட்டி இல்லை.

வேறு ஊர்களில் இப்படி வேலை முடிந்த கோட்டைகள் பாழாய்ப் போயின. இங்கே அப்படி நடக்கவில்லை. மதிலுக்குள் கச்சேரி வந்தது. பீரங்கிக்குப் பதில் கோப்பு, தளபதிக்குப் பதில் ஏஜண்டர், வெடிமருந்துக்குப் பதில் முத்திரை மை. சுதந்திரத்துக்குப் பிறகும் அது தொடர்ந்தது. அரசாங்க அதிபர் இருந்தது இந்த மதிலுக்குள்தான். படுவான்கரையில் இருந்து காணிப் பிரச்சினையோடு விடியச் சாமத்தில் புறப்பட்டு வந்த வெள்ளாமைக்காரர், ஓய்வூதியக் கடிதத்தோடு வந்த வாத்தியார், யுத்த காலத்தில் மகஜர் கொடுக்க வந்த தாய்மார், 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வந்த கரையோரச் சனம், எல்லாரும் இந்தத் தடித்த மதிலைத் தாண்டித்தான் போனார்கள்.

எங்கட அம்மம்மா, அப்பப்பா தலைமுறைக்கு இது "டச்சுக் கோட்டை" அல்ல. "கச்சேரி." எங்களைக் கேட்டால், 1638ஐவிட அந்தச் சொல்தான் இந்த இடத்தின் பெரிய வரலாறு. யானை போகவில்லை, அரசன் இருக்கவில்லை, ஆனால் இந்த மாவட்டத்தில் ஏதோ ஒரு கடதாசி தேவைப்படாத குடும்பம் எது?

இனி என்ன?

இப்போது மாவட்டச் செயலகத்துக்குத் திராய்மடுவில் புதிய கட்டிடம் வந்துவிட்டது. நல்ல விசயம்தான். பழைய ஓட்டுக்கூரையின் கீழ் ஒழுகுகிற கோப்புகளோடு வேலை செய்தவர்களுக்கும், வெயிலில் வரிசையில் நின்றவர்களுக்கும் அது தேவை. ஆனால் சனம் வருகிற காரணம் போய்விட்டால் கோட்டைக்கு என்ன நடக்கும் என்ற கேள்வி எங்களுக்கு இருக்கிறது. அதுதான் முதலில் சொன்ன அவசரம்.

கோட்டைகள் காலியானால் இரண்டு வழியில் ஒன்றில் போகும் என்பதைப் பார்த்திருக்கிறோம். ஒன்று, புல் முளைத்து, கல் பெயர்ந்து, மெல்ல மெல்லப் பாழாகிறது. மற்றது, அழகாகிறது. 1988இல் உலக மரபுரிமைச் சின்னமான காலிக் கோட்டைக்குள் இன்றைக்கு ஒரு கோப்பி குடிக்க எங்களைப் போன்ற மாணவர்கள் இரண்டு தரம் யோசிக்க வேண்டும். சுத்தமாக இருக்கிறது, படம் எடுக்க நல்லது, ஆனால் யாருக்கான இடம் என்ற கேள்வி அங்கேயும் இருக்கிறது.

மூன்றாவது வழி ஒன்று இருக்க வேண்டும் என்று நினைக்கிறோம். பெரிய காசு தேவையில்லாத சில விசயங்களிலிருந்தே தொடங்கலாம். முதலாவது, கிழக்கு வாசலைத் திரும்பவும் வாசலாக்குவது. காந்திப் பூங்காப் பக்கத்திலிருந்து ஒரு தோணியில் ஏறி அந்த முத்திரையின் கீழ் இறங்கினால், கோட்டை ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்பதை ஒரு பாடசாலைப் பிள்ளைக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. தண்ணியே விளக்கும்.

இரண்டாவது, பலகையில் எழுதப்படும் கதை. 1638 உடன்படிக்கையின் இரண்டு பிரதிகளின் கதையும், வெள்ளாமையின் கதையும், பறங்கியர் மொழியும், முஸ்லிம் குடியேற்றமும், கச்சேரி வரிசையும் அதில் வரவேண்டும். மூன்று மொழியிலும் வரவேண்டும். மூன்றிலும் ஒரே விசயம் எழுதப்பட்டிருக்க வேண்டும். இந்தக் கோட்டையைப் பொறுத்தவரை அது சின்ன நிபந்தனை அல்ல.

மூன்றாவதுக்கு அனுமதிகூடத் தேவையில்லை. கச்சேரியில் வேலை செய்தவர்கள், அங்கே வரிசையில் நின்றவர்கள், கொண்டுபோன மனுவைத் திரும்பக் கொண்டுவந்தவர்கள் இன்னும் எங்கட வீடுகளில் இருக்கிறார்கள். டி சாவின் பெயரையும் வெஸ்டர்வோல்ட்டின் பெயரையும் ஆவணக்காப்பகங்கள் பார்த்துக்கொள்ளும். இவர்களின் கதையை வைத்திருக்க ஒரு ஆவணக்காப்பகமும் இல்லை. ஃபோனில் ரெக்கோர்டரை அழுத்திவிட்டு, "அம்மம்மா, கச்சேரிக்கு முதல் முதல் எதுக்குப் போனீங்க?" என்று கேட்பதற்கு எங்களுக்கு ஒரு பின்னேரம் போதும்.

கேட்டதை எழுதி எங்களுக்கு அனுப்புங்கள். பிரசுரிப்போம்.